பதினொரு அட்டைக்கும் ஒரே நம்பர்

நாந்தான் சொன்னேன். காலையில் இப்படிச் சொல்லிவிட்டு அடுத்த இட்லியைப் பிய்த்துச் சட்னியில் தொட்டார் வீட்டுக்காரர், உப்பு ஒரு கல் கம்மி என்றும் சொன்னார், சண்முகவடிவுக்கு இப்போது ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, பத்தரை மணி வெயில் உச்சந்தலையில் இறங்கும்போது, அந்த உப்புதான் திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. கம்மிதான். அவளும் தொட்டுப் பார்த்தாள். கையில் கரண்டியோடு நின்றவள் என்ன கேட்டிருக்க வேண்டும், ஏன் சொன்னிய, எத்தனை நாளா இது நடக்கு, ஒன்றும் கேட்கவில்லை, உப்பு டப்பாவை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். பதினாலு வருஷமாக, வீட்டில் அடிபட்டு வருகிற பொம்பளைகளுக்கு உதவுகிற மையத்தில் உத்தியோகம், ஊரே வடிவு மேடம் வடிவு மேடம் என்கிறது, எத்தனை பேரிடம் கேட்டிருப்பாள், அவன் அப்படிச் செஞ்சதும் நீ என்னம்மா சொன்னே என்று. சோறு போட்டேன்க்கா என்பாள் ஒருத்தி. துணி காயப்போட்டேன் என்பாள் இன்னொருத்தி. வடிவுக்கு உள்ளூர எரிச்சலாக வரும், இவளுக வாயில என்ன கொழுக்கட்டையா என்று. இன்றைக்குத் தெரிந்தது. வாய் இருக்கிறது, அது அந்த நேரத்துக்கு நம்முடையதாக இருப்பதில்லை, கைதான் அதுபாட்டுக்கு டப்பாவை எடுத்து வைக்கிறது. அவளுக்கு முன்னால் நிற்கிறாள் ஆவுடை, வலது கையில் மாவுக்கட்டு, கழுத்தில் தொங்கவிட்ட துணியில் அந்தக் கை, இடது கையில் மஞ்சள் பை. வலது காது மடல் கிழிந்து தையல் போட்ட இடம் கறுத்துப் போயிருக்கிறது. ஆவுடைக்கு ஒன்றும் தெரியாது. ஆவுடை இன்னும் வடிவக்காவை நம்பி முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வரிசை ஒரு அடி நகர்ந்தது. முன்னால் பதினாறு பேர், அதில் நாலு வெறும் பை, ஆள்கள் எதிர்த்த சுவரோரம் நிழலில் உட்கார்ந்து முறை வரும்போது ஓடிவந்து பைக்குப் பின்னால் நின்றுகொள்வார்கள். மாசக் கடைசி நாள், இன்றைக்கு வாங்காவிட்டால் இந்த மாச அரிசி போச்சு. போன மாசம் வரைக்கும் ஆவுடை இங்கே வருவதில்லை, அவள் தங்கியிருக்கிற பெண்கள் விடுதிக்குப் பக்கத்துக் கடையில்தான் வாங்குவாள், ஒவ்வொரு மாசமும் இரண்டாம் செவ்வாய், அன்றைக்குத்தான் பருப்பு வந்திருக்கும், கூட்டமும் இருக்காது, அந்த நாளை வடிவுதான் பார்த்துச் சொல்லிக் கொடுத்தாள். எல்லாம் வடிவுதான். புருஷன் கொம்பையா பேரிலிருந்த ரேஷன் அட்டையிலிருந்து ஆவுடையையும் பிள்ளையையும் பிரித்துத் தனி அட்டை வாங்க ஏழு மாசம் நடந்தது யார், வடிவு. போன் நம்பர் கொடு என்று அட்டை பதிகிற பையன் கேட்டபோது ஆவுடை முழித்தாள், அவளிடம் ஏது போன், அதைத்தான் கொம்பையா அம்மிக் குழவியால் நசுக்கிவிட்டானே, என் நம்பரைப் போடுப்பா என்று சொன்னது யார். அதுவும் வடிவு. ஆவுடைக்கு மட்டுமா, போன் இல்லாமல் வருகிற ஒவ்வொருத்திக்கும் அப்படித்தான், பதினொரு அட்டைக்கும் ஒரே நம்பர். ஒருத்தி மெஷினில் விரல் வைத்தால் வடிவுடைய கைப்பையில் போன் ஒரு தடவை உறுமும். இந்த அட்டைக்கு இன்ன கடையில் அரிசி இவ்வளவு, சீனி இவ்வளவு, பாமாயில் ஒன்று. மேலதிகாரிகள் மாசாமாசம் அறிக்கை கேட்பார்கள், பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று, வடிவுக்கு அந்த அறிக்கையெல்லாம் வேண்டாம், பாமாயில் வந்துவிட்டால் போதும், அந்த வீட்டில் இன்றைக்குத் தாளிக்கிறார்கள் என்று மனசு ஆறிவிடும். வீட்டில் அவர் கேலி பண்ணுவார். என்ன வடிவு, ஒன் பதினோரு பிள்ளைகளும் சாப்பிட்டாச்சா. பருப்பு வந்துட்டா. அந்த ஒன்பதாவது இன்னும் வாங்கல போலிருக்கே, என்னன்னு கேளு. எவ்வளவு அக்கறையான மனுஷன் என்று இவள் பூரித்துப் போவாள். கிறுக்கி.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அதுதான் தாங்க முடியவில்லை. கோபத்தில் உளறியிருந்தால், கூட்டத்தில் வாய் தவறியிருந்தால், சரி, மனுஷன்தானே என்று விடலாம். அப்படி இல்லை. போனை அவள் மறந்து வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுப் போன ஒரு நாள், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மூன்று மாசத்து மெசேஜைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, எது ஆவுடை அட்டை, எந்தக் கடை, என்ன தேதி, மூன்று தடவையும் இரண்டாம் செவ்வாய் என்று கண்டுபிடித்து, வாசலில் நிற்கிற கொம்பையாவிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். பொறுமையான மனுஷன். போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம், கிழிந்த விலாசத்தைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் படித்து ஆளிடம் சேர்த்துவிடுவார் என்று பேர். கொம்பையா எப்படி வீட்டைக் கண்டுபிடித்தான்? மையத்துக்கு எதிர்த்த டீக்கடையில் கேட்டானாம். மூணு நாள் வந்தான் வடிவு, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு அழுதான், ஆம்பிள அழுதா பாக்க முடியல, காப்பி போட்டுக் குடுத்தேன், பிள்ளையைப் பாக்கணும் பொண்டாட்டிட்ட ஒரு வார்த்தை பேசணும், அவ்வளவுதான் கேட்டான், ஒரு வார்த்தை. அந்த டம்ளரைத்தானே அன்றைக்கு வடிவு கழுவினாள். சிங்கில் இரண்டு டம்ளர் கிடந்தது, யாரு வந்தா என்று கேட்டாள், தெரிஞ்ச பையன் என்றார், அதோடு விட்டாள். கொம்பையாவின் எச்சில் டம்ளரைச் சாம்பலும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்திருக்கிறாள், இந்தக் கையால். ஒரு வார்த்தை பேச இந்த மாச இரண்டாம் செவ்வாய் கடைக்கு வந்தவன் முதல் வேலையாக என்ன செய்தான், கம்மலைப் பிடித்து இழுத்தான்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் கை நீட்டியதில்லை. குரலை உயர்த்தியதில்லை. முதல் பிள்ளை வயிற்றிலேயே போனபோது ஆறு வாரம் சமையல் அவர்தான், ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார், அவள் தலையைத் துவட்டிவிட்டார். அவளுடைய சேலைக்கு இஸ்திரி போடுவது இன்றைக்கு வரைக்கும் அவர்தான், இந்தா இப்போது உடுத்தியிருக்கிற இந்த நீலக் காட்டன், கொசுவத்தில் மடிப்புக் கத்தியாக நிற்கிறது, இன்று காலையில் போட்டது, போட்டு முடித்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார், உட்கார்ந்துதான் சொன்னார். வடிவுக்கு அந்தச் சேலை உடம்பில் அரிக்கிற மாதிரி இருந்தது. அவுத்தெறியவா முடியும் நடுத்தெருவில். எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள் வேறு, அதுதான் வெட்கக்கேடு, ஆம்பிளைன்னா எல்லாரும் அப்படித்தான்கா என்று எவளாவது மூக்கைச் சிந்தினால், இல்லம்மா, எங்க வீட்டுக்காரரைப் பாரு, ஒரு சுடுசொல் உண்டா என்று. ஆவுடையைப் பொங்கலுக்கு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போனாள். பிள்ளைக்கு அவர் கலர் பென்சில் வாங்கி வைத்திருந்தார். ஆவுடை அடுக்களையில் வந்து மெல்லச் சொன்னாள், யக்கா, ஒங்க வீட்டுல யாருமே சத்தம் போட மாட்டியளா, பிள்ளை கேக்கா. வடிவுக்குப் பெருமை பிடிபடவில்லை. இப்போது நினைத்தால், சத்தம் இல்லாமலேயே ஒரு பொம்பளையின் கையை ஒடித்துவிட்டார் அவர், காப்பி போட்டுக் கொடுத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு. சேர்த்து வைக்கணும்லா வடிவு, நீ பிரிச்சுப் பிரிச்சு வைக்கே, புண்ணியமா அது. இதையும் காலையில்தான் சொன்னார். அப்படியானால் பதினாலு வருஷமாக இவள் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சாப்பாட்டுத் தூக்கை நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டு, மனசுக்குள் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாரா. ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னாரா. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டீக்கடைப் பக்கம் கட்டம் போட்ட லுங்கி ஒன்று திரும்பியது. கொம்பையாவா, வடிவு எட்டிப் பார்த்தாள், கொம்பையா இல்லை, யாரோ கிழவர், பல் குத்திக்கொண்டு போகிறார். போன் பையில்தான் இருக்கிறது, கையை விட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், இருக்கிறது. இன்றைக்கு ஆவுடை விரல் வைத்தால் மெசேஜ் இதில்தான் வரும், அவர் பார்க்க முடியாது, ராத்திரி வரைக்கும் பார்க்க முடியாது. அப்புறம்? தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டா தூங்குவது, அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, போனுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு? போன் போகட்டும். இவள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாரே, இன்றைக்கு எந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சு என்று, சாப்பிடும்போது எல்லாவற்றையும் கொட்டுகிறவள் இவள்தானே. எந்த விடுதி, எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தையல் கம்பெனி, எவளுக்கு எந்த மாத்திரை, பேர் சொல்ல மாட்டாள், சட்டம் தெரிந்தவள், ஆனால் ஒன்பதாவது, நாலாவது என்று நம்பர் சொல்லுவாள், அவருக்கா தெரியாது. காட்டிக் கொடுத்தது அவர் என்றால் கையில் கொடுத்து வைத்தது யார்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது, அதன் பக்கம் மனசு போகப் போக வடிவு அதைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள், கடைக்காரர் பருப்பு தீர்ந்துட்டு என்று கத்துவதைக் கவனித்தாள், பாமாயில் பாக்கெட் ஒன்று உடைந்து படியில் வழிவதைப் பார்த்தாள், முன்னால் ஒரு பொம்பளை எல்லாரும் பாத்து மிதிங்க என்றாள், பார்த்து மிதித்தாள். பார்த்தும் என்ன, அங்கேதான் போய் நிற்கிறது. ஆவுடையின் அம்மா. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு காயும் முன்பே வடிவு விசாரணையை ஆரம்பித்துவிட்டாள், யாருக்கெல்லாம்டி தெரியும் நீ வாங்குற கடை, வார்டனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அப்புறம் உங்க அம்மாவுக்கு, வாரம் ஒருக்கா அவகிட்ட விடுதி போன்ல பேசுதியே, பேச்சுவாக்குல சொல்லியிருப்பே. பெத்தவதான், ஆனா மகளை மருமகன் வீட்டுலயே இருன்னு மூணு தடவை திருப்பி அனுப்புனவதானே. எல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்ததில் கச்சிதமாகப் பொருந்தியது. இனிமே அம்மாகிட்ட பேசாதே ஆவுடை, உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன். ஆவுடை கட்டிலில் படுத்தபடி வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் தலையாட்டினாள். வார்டன் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள், தாயார் அழைப்பு அனுமதி இல்லை என்று. பதினெட்டு நாளாக அந்தக் கிழவி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் பண்ணி, மகள் குளிக்கா, மகள் தூங்குதா என்ற பதிலை வாங்கிக்கொண்டிருக்கிறாள்.

சொல்லத்தான் வேண்டும். சொன்னால் என்ன ஆகும், ஆவுடை இந்த நிமிஷமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், விடுதி வேண்டாம், அட்டை வேண்டாம், ஒங்க சங்காத்தமே வேண்டாம் என்று, எங்கே போவாள், பிள்ளை மூன்றாம் வகுப்பு, கை ஒடிந்து கிடக்கிறது, தையல் வேலை போயிற்று, உதவித்தொகை கேட்டு எழுதின பாரம் வடிவின் கைப்பையில்தான் இருக்கிறது, புருஷனைப் பிரிந்து தனியாக வாழ்கிறாள் என்று மையத்தின் கையெழுத்தும் முத்திரையும் இருந்தால்தான் தாலுகா ஆபீஸில் வாங்குவார்கள். வடிவு முன்கூட்டியே கையெழுத்துப் போட மாட்டாள், அதிகாரி முன்னால், மேஜையில் வைத்துத்தான் போடுவாள், தொலைத்தால் யார் பொறுப்பு. திங்கட்கிழமை போகிறார்கள். திங்கட்கிழமை முடியட்டும், அதுக்கப்புறம் சொல்லலாம். அதுதான் ஆவுடைக்கும் நல்லது. இந்த நல்லது என்கிற வார்த்தை வாய்க்குள் வந்ததும் வடிவு அதை அங்கேயே நிறுத்தினாள். அவரும் இப்படித்தான் நினைத்திருப்பார், கேட்டருகில் நின்று, நாலு பேருக்கு நல்லது என்று. கொம்பையாவும் நினைப்பான். எல்லாருக்கும் ஆவுடையின் நல்லது தெரிந்திருக்கிறது. சொல்லாமல் திங்கட்கிழமை வரைக்கும் ஆவுடைக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும், வீட்டில் இட்லி தின்கிற அந்த மனுஷனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம். முன்னால் இரண்டு பேர்தான்.

"ஆவுடை."

"சொல்லுங்கக்கா."

"உங்க அம்மா சொல்லலட்டீ. நான் தப்பாச் சொல்லிட்டேன். எங்க வீட்டுலயிருந்துதான் போயிருக்கு. எங்க வீட்டுக்காரர்தான் கொம்பையாகிட்ட சொல்லியிருக்காரு, கடையும் நாளும். என் போனைப் பாத்து. இன்னைக்குக் காலைலதான் எனக்கே தெரியும்."

ஆவுடை திரும்பவில்லை. காலால் மஞ்சள் பையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"அன்னைக்கே தெரியும். கையை முறுக்கும்போது அவந்தான் சொன்னாம்லா. ஒங்க வடிவு மேடம் வீட்டுக்காரரு தங்கமான மனுசரு, காப்பி குடுத்தாரு, நீ இங்கதான் நிப்பேன்னு அவருதான் சொன்னாருன்னு."

வடிவின் கண் முன்னால் ஆஸ்பத்திரிக் கட்டில் வந்தது, தன் குரல் வந்தது, பெத்தவதான் ஆனா, என்று விரலை மடக்கி மடக்கிக் கணக்குச் சொன்ன தன் கை வந்தது. தெரிந்துகொண்டா பார்த்துக்கொண்டிருந்தாள் இவள்.

"அப்பவே ஏன்ட்டி எங்கிட்ட சொல்லல? அம்மாகிட்ட பேசாதேன்னேன், அதுக்கும் சரின்னியே."

"அந்தப் பாரத்துல ஒங்க கையெழுத்து வேணும்லாக்கா," என்றாள் ஆவுடை, கடைக்காரரிடம் சீனி விலை கேட்கிற குரலில். "நான் சொல்லி, நீங்க கோவிச்சுக்கிட்டியன்னா? யாருகிட்டப் போவேன்? தலையாட்டுறது எனக்குப் பழக்கந்தானே."

கோவிச்சுக்குவேனா, நானா, என்று கேட்க வாய் எடுத்தாள் வடிவு. கேட்கவில்லை. கோபித்துக்கொண்டிருப்பாள். எங்க வீட்டுக்காரரைப் பத்தியா பேசுதே, உனக்குப் புத்தி கலங்கிட்டா, அவன் சொன்னான்னு நம்பிட்டியா என்று கேட்டிருப்பாள், சத்தம் போடாமல்தான் கேட்டிருப்பாள், பாரமும் ஒரு மாசம் தள்ளிப்போயிருக்கும். ஆவுடைக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. எந்த முகம் எப்போது மாறும் என்று பார்த்துப் பார்த்தே பிழைத்த பிள்ளை, கொம்பையாவின் முகத்தை எட்டு வருஷம் படித்தது, அதுக்கப்புறம் இந்த முகத்தையும் உட்கார்ந்து படித்திருக்கிறது. சோறு போடுகிற முகம் எல்லாம் அவளுக்கு ஒன்றுதான்.

வடிவு வரிசையை விட்டு விலகிக் கடைப் படியோரம் அடுக்கியிருந்த அரிசி மூட்டைக்குப் போனாள். கைப்பையைத் திறந்தாள், பாரத்தை எடுத்து மூட்டை மேல் விரித்தாள், கீழே சாக்கு மேடும் பள்ளமுமாக இருந்தது, பேனா இரண்டு இடத்தில் காகிதத்தைக் குத்தியது, ஆனாலும் முழுப் பேரையும் எழுதினாள், தேதி போட்டாள், முத்திரையை வாயால் ஊதி அழுத்தினாள். கடைக்காரர் ஏம்மா அங்க என்ன பண்ணுத என்றார். காகிதத்தை ஆவுடையிடம் நீட்டினாள். ஆவுடை இடது கையால் வாங்கிப் படித்தாள், மேலிருந்து கீழே வரைக்கும், முத்திரை வட்டத்துக்குள் இருக்கிற எழுத்துகளைக்கூட வாயசைத்துப் படித்தாள். நாலாக மடித்து, கழுத்தில் தொங்கிய துணிக்குள், மாவுக்கட்டுக்கு அடியில் செருகினாள். அப்புறம்தான் முழுசாகத் திரும்பி வடிவைப் பார்த்தாள். பொங்கலன்றைக்கு அடுக்களையில் பார்த்த அந்தப் பெண் இல்லை இது, வடிவு இதுவரை பார்க்காத ஒருத்தி.

"அட்டையில இருந்து ஒங்க நம்பரை எடுத்துருங்கக்கா. மத்த பத்து பேருக்கும் எடுத்துருங்க. திங்கக்கிழமை தாலுகா ஆபீசுக்கு நானே போய்க்கிடுதேன், நீங்க வர வேண்டாம்."

வடிவு தலையாட்டினாள். வேறு என்ன செய்ய.

"எங்க அம்மாகிட்ட பேசணும்," என்றாள் ஆவுடை.

"பேசுட்டீ, இந்தா," வடிவு அவசரமாகக் கைப்பையில் துழாவிப் போனை எடுத்து நீட்டினாள், விரலெல்லாம் முத்திரை மை.

"ஒங்க போன் வேண்டாம்க்கா."

ஆவுடை அவளைத் தாண்டிப் பின்னால் நின்ற பொம்பளையைப் பார்த்தாள், யாரோ, பச்சை நைட்டியும் மேலே துண்டும், கையில் இரண்டு கேன், முன்பின் பார்த்திராத ஆள். "யக்கா, ஒரு போன் போட்டுக்கிடட்டுமா, அம்மாட்டதான், ரெண்டு நிமிசம்." அந்தப் பொம்பளை கேனைக் கீழே வைத்துவிட்டு, இதுக்கென்னம்மா என்று மார்பிலிருந்து போனை எடுத்துக் கொடுத்தாள். ஆவுடை நம்பரை மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தாள், இடது கைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தினாள்.